காணி உறுதியும் சோலைவரியும்: எந்தப் பதிவு எங்கே இருக்கிறது?

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி
உள்ளூராட்சியும் அரச சேவைகளும்: மேலதிக விளக்கம்



“உள்ளூராட்சி மன்றமொன்றின் வருமான மூலங்கள் மூன்றினைக் குறிப்பிடுக” என்று கேட்டால் எல்லோரும் முதலில் எழுதுவது சோலைவரி. புள்ளியும் கிடைத்துவிடுகிறது. ஆனால் “சோலைவரிப் பற்றுச்சீட்டு உங்கள் தந்தையின் பெயரில் இருக்கிறது, ஆகவே வீடு அவருக்குச் சொந்தமா?” என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் “ஓம்” என்கிறார்கள். இந்த விளக்கத்தை எழுதக் காரணம் அந்த “ஓம்”தான்.

இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமல்ல. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்கள் இடம்பெயர்ந்தபோது உறுதிகளைக் கைவிட்டு வந்தன. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி வந்த சுனாமி கரையோர வீடுகளுடன் அலுமாரிகளையும் அள்ளிக்கொண்டு போனது. உறுதி போய்விட்டது, ஆகவே காணியும் போய்விட்டது என்று நினைத்திருந்தவர்கள் பலர். அவ்வாறு நினைக்கத் தேவையில்லை என்பதை இங்கே படிப்படியாகப் பார்ப்போம். பல வீடுகளில் அலுவலகப் படிவத்தை வாசித்து நிரப்பக்கூடியவர் சாதாரண தரம் படிக்கும் பிள்ளைதான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. மூன்று கேள்விகள்

ஒரு காணியைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்கலாம்.

இந்தக் காணி யாருக்கு உரித்தானது? இதற்கு விடை தேடவேண்டிய இடம் காணிப் பதிவகம்.

இந்தக் காணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இதற்கு விடை நில அளவைப் படத்தில் இருக்கும்.

இந்தக் காணிக்கு வரி கட்டுபவர் யார்? இதற்கு விடை மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் இடாப்பில் இருக்கும்.

ஒரு கேள்விக்குரிய விடையை இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. காணித் தகராறுகளில் பல இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதால் வருபவை. வினாத்தாளில் புள்ளி குறைவதும் இதே குழப்பத்தால்தான்.

2. உறுதி என்றால் என்ன?

காணியின் உரித்தை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றும் எழுத்து மூல ஆவணம் உறுதி எனப்படும். விற்பனை உறுதி, நன்கொடை உறுதி, சீதன உறுதி, ஈட்டு உறுதி எனப் பல வகைகள் உண்டு. ஈட்டு உறுதி காணியைக் கைமாற்றுவதில்லை. கடனுக்குக் காணியைப் பிணையாக வைப்பதே அதன் நோக்கம்.

1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்கவேண்டும். அது நொத்தாரிசு ஒருவர் முன்னிலையிலும், ஒரே நேரத்தில் சமுகமாயிருக்கும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்படவேண்டும். வாய்ச்சொல்லால் காணி கைமாறாது. முத்திரை ஒட்டி இருவர் கையெழுத்திட்ட வெறும் கடதாசியாலும் கைமாறாது. “காசு கொடுத்துவிட்டேன், கடிதமும் எழுதி வாங்கிவிட்டேன்” என்பவர் கையில் இருப்பது காசு கொடுத்ததற்கான சான்றே தவிர உறுதி அல்ல. ஊரில் இப்படி நடந்த கொடுக்கல் வாங்கல்கள் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

3. ஓர் உறுதிக்கு மூன்று பிரதிகள்

பின்வரும் விடயம் பாடநூலில் விரிவாக இல்லை. ஆனால் உறுதியைத் தொலைத்தவர்களுக்கு இதுவே மிகவும் பயன்படுவது. ஆகவே ஆறுதலாக வாசியுங்கள்.

நொத்தாரிசு ஓர் உறுதியை எழுதும்போது மூன்று பிரதிகள் உருவாகின்றன. மூலப் பிரதி காணியைப் பெற்றவரிடம் கொடுக்கப்படும். நாம் வீட்டில் பொலித்தீன் உறையில் சுற்றி வைத்திருப்பது இதைத்தான். இன்னொரு பிரதி நொத்தாரிசின் கோவையில் இருக்கும். மற்றையது இரண்டாம் பிரதி. 1907 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்கு முன்னர், பட்டியலொன்றுடன் காணிப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும்.

வீட்டிலிருந்த மூலப் பிரதி எரிந்தாலும் நனைந்தாலும் தொலைந்தாலும் மற்றைய இரண்டும் வேறு இடங்களில் இருக்கின்றன. நொத்தாரிசு இறந்துவிட்டாலோ தொழிலைக் கைவிட்டாலோ அவரிடமிருந்த பிரதிகள் காணிப் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்பதும் சட்டம். ஆகவே “உறுதி எழுதிய நொத்தாரிசு இப்போது இல்லையே” என்பது தேடலை நிறுத்துவதற்கான காரணமல்ல.

காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்து, உரிய கட்டணம் செலுத்தி, இரண்டாம் பிரதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம். வீட்டில் ஒளிப்படப் பிரதி ஒன்று இருந்தால் அதை எறிந்துவிடாதீர்கள். அதை உறுதியாக ஏற்கமாட்டார்கள்தான். ஆனால் உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். தேடலுக்கு இந்த மூன்றும் இருந்தால் வேலை பாதி முடிந்தது.

கவனிக்க: இரண்டாம் பிரதி போவது நொத்தாரிசு கடமையாற்றும் மாவட்டத்தின் காணிப் பதிவகத்துக்கு. காணி இருக்கும் மாவட்டத்துக்கு அல்ல. வவுனியாவிலுள்ள காணிக்குக் கொழும்பு நொத்தாரிசு ஒருவர் உறுதி எழுதியிருந்தால், இரண்டாம் பிரதியைத் தேடவேண்டியது கொழும்பில். அந்தக் காணியின் பதிவுப் பக்கத்தைத் தேடவேண்டியது வவுனியாவில். இடம்பெயர்ந்து கொழும்பில் இருந்த காலத்தில் உறுதி முடித்த குடும்பங்கள் பல. ஊர்ப் பதிவகத்தில் “அந்தப் பிரதி இங்கே இல்லை” என்றதும் திரும்பி வந்துவிடுவது இந்த வேறுபாடு தெரியாததால்.

4. பதிவு செய்தல்

இரண்டாம் பிரதியை அனுப்புவதும் உறுதியைப் பதிவு செய்வதும் இரு வேறு செயல்கள். இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

பதிவு என்பது மூலப் பிரதியைக் காணி அமைந்துள்ள பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் சமர்ப்பித்து, அந்தக் காணிக்குரிய பக்கத்தில் விபரத்தை எழுதுவித்தல். காணிப் பதிவகங்கள் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன. இதற்கான சட்டம் 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டம்.

சமர்ப்பிக்கப்படும் உறுதி முதலில் நாட்பதிவேட்டில் குறிக்கப்படும். பின்னர் காணிக்குரிய இடாப்பில் எழுதப்படும். இடாப்பிலுள்ள அந்தப் பக்கத்துக்கு ஃபோலியோ என்று பெயர். நோயின் பெயர் போல ஒலிக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது சிரிப்பார்கள். சிரித்துவிட்டு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காணிக்கு உரிய கொடுக்கல் வாங்கல்கள் எல்லாம் அதே ஃபோலியோவில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். பக்கம் நிரம்பினால் புதிய பக்கத்துக்குக் கொண்டு செல்லப்படும். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற குறிப்பு இரு பக்கங்களிலும் இருக்கும். பதிவு முடிந்ததும் தொகுதி இலக்கம், பக்க இலக்கம், திகதி ஆகியன மூல உறுதியில் முத்திரையாகப் பொறிக்கப்படும். வீட்டிலுள்ள உறுதியைத் திருப்பிப் பாருங்கள். அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதே உங்களுக்கான முதல் செய்முறைப் பயிற்சி.

பதிவு செய்யாவிட்டால் என்ன நடக்கும்? ஓர் உதாரணம் பார்ப்போம்.

‘அ’ தன் காணியை ஜனவரியில் ‘ஆ’ வுக்கு விற்கிறார். நொத்தாரிசு உறுதி ஒழுங்காக முடிக்கப்படுகிறது. ‘ஆ’ அதைப் பதிவு செய்யாமல் பெட்டியில் வைத்துவிடுகிறார். மார்ச் மாதத்தில் ‘அ’ அதே காணியை ‘இ’ க்கு விற்கிறார். ‘இ’ முந்திய விற்பனையை அறியாதவர், விலையும் கொடுத்திருக்கிறார். ‘இ’ உடனடியாகப் பதிவு செய்துவிடுகிறார். இப்போது காணி யாருக்கு?

“முதலில் வாங்கிய ‘ஆ’ வுக்கு” என்பதே பெரும்பாலான மாணவர்களின் விடை. அது நியாயமாகவும் தோன்றும். ஆனால் 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7 ஆம் பிரிவின்படி ‘இ’ யின் உறுதிக்கே முன்னுரிமை. பதிவு செய்யப்படாத முந்திய உறுதி, விலை கொடுத்துப் பெற்றுப் பின்னர் பதிவு செய்தவருக்கு எதிராகச் செல்லாது. மோசடியோ கூட்டுச் சூழ்ச்சியோ இருந்தது என்று நிரூபித்தால் நிலைமை மாறும். ‘இ’ விலை கொடுக்காமல் நன்கொடையாகப் பெற்றிருந்தாலும் இந்த முன்னுரிமை கிடைக்காது.

இன்னொரு புறத்தையும் பாருங்கள். பதிவு முன்னுரிமையைத் தருகிறதே தவிர, இல்லாத உரித்தை உண்டாக்குவதில்லை. கள்ளக் கையெழுத்திட்ட உறுதியைப் பதிவு செய்துவிட்டால் அது நல்ல உறுதியாகிவிடாது. “காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறது, ஆகவே சரி” என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடாது என்று சட்டத்தரணிகள் சொல்வது இதனால்தான். வெளிநாட்டில் இருப்பவர்களின் வெற்றுக் காணிகள் இவ்வகை மோசடிக்கு எளிதில் இலக்காகின்றன. தமது காணி தொடர்பாக ஏதேனும் ஆவணம் பதிவுக்கு வந்தால் தமக்கு அறிவிக்குமாறு காணிப் பதிவாளரிடம் எச்சரிக்கை விண்ணப்பம் ஒன்றைப் பதிந்து வைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. சட்டத்தரணிகள் இதனைக் கேவியற் என்பர்.

5. தேடும் முறை

காணிப் பதிவகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்யவேண்டிய வேலை இருக்கிறது. காணி அமைந்த கிராமம், காணியின் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள், கடைசியாக யார் பெயரில் இருந்தது, உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு ஆகியவற்றைத் தெரிந்தவரை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் தெரிந்தால் மற்றவை இல்லாமலே நேராகப் பக்கத்துக்குப் போகலாம். அவை தெரியாவிட்டால் அயற்காணிக்காரரின் உறுதியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே தாய்க்காணியிலிருந்து பிரிந்த துண்டுகள் என்றால், அவரது ஃபோலியோவிலிருந்து பின்னோக்கிப் போய் உங்கள் துண்டுக்கு வரலாம். ஈடு வைத்த காணியானால் வங்கிக் கோவையிலும், வழக்கு நடந்த காணியானால் வழக்குக் கோவையிலும் உறுதியின் விபரம் இருக்கும்.

பதிவகத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால் இடாப்பைப் பார்வையிடலாம். பக்கத்தின் பிரதியையும் பெறலாம். யாழ்ப்பாணத்தில் இதைத் “தோம்பு எடுத்தல்” என்பார்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த சொல். போர்த்துக்கேயரும் அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் காணிகளையும் அவற்றுக்குரிய ஆட்களையும் வரி நோக்கத்துக்காக எழுதி வைத்த இடாப்புகளே தோம்புகள். ஒல்லாந்தர் போய் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் சொல் மட்டும் நம் வாயில் நிற்கிறது. வரலாற்றுப் பாடத்திலும் இச்சொல் வரும். இரு பாடங்களையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

பக்கம் கிடைத்ததும் மேலிருந்து கீழாக அல்ல, கடைசிப் பதிவிலிருந்து மேல் நோக்கி வாசிப்பது எளிது. இப்போதைய உரித்தாளர் யாரிடமிருந்து பெற்றார், அவர் யாரிடமிருந்து பெற்றார் என்று சங்கிலி போலச் செல்லவேண்டும். காணி வாங்கும்போது சட்டத்தரணிகள் வழக்கமாக 30 ஆண்டுகளுக்கான சங்கிலியைப் பார்ப்பார்கள். சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தால் பயப்படவேண்டியதில்லை, விசாரிக்கவேண்டும். தகப்பனார் இறந்தபின் பிள்ளைகள் உறுதி எதுவும் எழுதாமலே முதுசமாக அனுபவித்து வந்திருக்கலாம். அப்போது பிறப்பு, மரண, விவாகச் சான்றிதழ்களே விடுபட்ட கண்ணியை நிரப்பும். தீராத ஈடு, வழக்குப் பதிவு, பறிமுதல் அறிவித்தல் போன்றவையும் அதே பக்கத்தில் இருக்கக்கூடும். காணி வாங்குபவர் பெயரைப் பார்ப்பதை விட இவற்றைப் பார்ப்பதே முக்கியம்.

6. அட்டவணையை வாசித்தல்

உறுதியின் கடைசிப் பகுதியில் அட்டவணை இருக்கும். காணியின் பெயர், பரப்பளவு, கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு எல்லைகள் ஆகியன இங்கேதான் வரும். “கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு” என்று ஒரு வரி இருந்தால் அதைத் தவறவிடாதீர்கள். அந்த ஒரு வரிக்காகவே ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்குகள் உண்டு.

அளவைகளில் பிழை விடுவோர் பலர். 1 ஏக்கர் = 4 ரூட் = 160 பேர்ச். யாழ்ப்பாண வழக்கில் 1 ஏக்கர் = 16 பரப்பு; 1 பரப்பு = 18 குழி. ஆகவே 1 பரப்பு = 10 பேர்ச்.

“பிரிபடாத 1/4 பங்கு” என்றால் காணியின் கால்வாசியை வேலி போட்டுப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று அர்த்தமல்ல. முழுக் காணியிலும் அவருக்குக் கால் பங்கு உரித்து உண்டு. எந்தக் கால் என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை. 8 பரப்புக் காணியை நான்கு சகோதரர் சமமாகப் பெற்றால் ஒருவருக்கு 1/4, அதாவது 2 பரப்பு. அவர்களில் ஒருவர் இறந்து அவரது இரு பிள்ளைகள் சமமாகப் பெற்றால் ஒருவருக்கு 1/8, அதாவது 1 பரப்பு அல்லது 10 பேர்ச். பங்காளிகள் இணங்கினால் பிரிவிடுதல் உறுதி எழுதலாம். இணங்காவிட்டால் 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடற் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் செல்லலாம்.

எல்லையைச் சொற்களால் எழுதினால் மரம் விழும், வேலி நகரும், அயலவர் மாறுவார். நில அளவையாளர் வரைந்த படம் இருந்தால் அந்தச் சிக்கல் குறையும். உறுதியில் படத்தின் இலக்கமும் திகதியும் குறிப்பிடப்பட்டிருந்தால் அப்படத்தையும் தேடி எடுத்து உறுதியுடன் வைத்திருக்கவேண்டும்.

7. சோலைவரி

மதிப்பீட்டு வரி என்பதையே நாம் சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் சொல்கிறோம். உள்ளூராட்சி மன்றம் தன் எல்லைக்குள் உள்ள வீடு, கடை, காணி போன்ற அசையா ஆதனங்களின் ஆண்டுப் பெறுமதியில் ஒரு குறித்த சதவீதத்தை அறவிடுவது சோலைவரி. பிரதேச சபைகளில் இது அபிவிருத்தியடைந்த பகுதி எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடங்களுக்கே உரியது. ஆகவே கிராமத்திலுள்ள எல்லா வீடுகளுக்கும் சோலைவரிப் பற்றுச்சீட்டு இருக்குமென எதிர்பார்க்கக்கூடாது.

ஆண்டுப் பெறுமதி என்பது காணியின் விற்பனை விலை அல்ல. அந்த ஆதனத்தை வாடகைக்குக் கொடுத்தால் ஓராண்டில் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகையே ஆண்டுப் பெறுமதி. விலைமதிப்புத் திணைக்களத்தின் மதிப்பீட்டின்படி இது தீர்மானிக்கப்படுகிறது. மதிப்பீடு கூடுதலென நினைப்பவர் அறிவித்தலில் குறித்த காலத்துக்குள் ஆட்சேபனை தெரிவிக்கலாம்.

கணிப்பு (கற்பனை உதாரணம்): ஆண்டுப் பெறுமதி ரூபா 30,000, சபை விதித்த வீதம் 8%. ஆண்டுக்குரிய வரி ரூபா 2,400. காலாண்டுக்கு ரூபா 600. ஆண்டு முழுவதற்குமான வரியை ஜனவரி 31 க்கு முன் செலுத்தினால் 10% கழிவு உண்டு. எனவே செலுத்தவேண்டியது ரூபா 2,160. காலாண்டு வரியை அக்காலாண்டின் முதல் மாதத்திலேயே செலுத்தினால் 5% கழிவு. அதாவது ரூபா 570. வரியைச் செலுத்தாதவரின் ஆதனத்தைக் கைப்பற்றி நிலுவையை அறவிடவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நகரப் பகுதிகளில் உங்கள் படலையில் எழுதியிருக்கும் இலக்கம் பெரும்பாலும் இந்த வரி மதிப்பீட்டு இலக்கமே. கடிதம் கொண்டு வருபவருக்காக இட்ட இலக்கமென்று பலர் நினைத்திருக்கிறார்கள்.

இனி ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். சோலைவரி இடாப்பில் பெயர் இருப்பது உரித்தைத் தருமா? தராது. மன்றத்துக்கு வேண்டியது வரி. உறுதியைக் காட்டிப் பெயர் மாற்ற விண்ணப்பிக்கும்வரை பழைய பெயர் அப்படியே இருக்கும். பாட்டனார் இறந்து முப்பது ஆண்டுகளாகியும் பற்றுச்சீட்டு அவர் பெயரிலேயே வரும் வீடுகள் பல. மறுபக்கம், வாடகைக்கு இருப்பவரோ பராமரிப்பவரோ வரியைக் கொண்டுபோய்க் கட்டலாம்; சபை வாங்கிக்கொள்ளும். அதனால் அவர் சொந்தக்காரராகிவிடுவதில்லை. சபை வழங்கும் “உரிமைச் சான்றிதழ்” என்ற கடிதமும் இடாப்பில் யாருடைய பெயர் உள்ளது என்பதையே சொல்கிறது. பெயர் பெரிதாக இருப்பதால் ஏமாறவேண்டாம்.

அப்படியானால் பழைய பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடலாமா? கூடாது. இங்கேதான் ஆட்சியுரித்து வருகிறது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் உரித்தாளரை ஏற்றுக்கொள்ளாமல், தனக்கே உரியதாக, இடையூறின்றித் தொடர்ந்து 10 ஆண்டுகள் தனியார் காணியொன்றை ஆண்டு வந்தால் நீதிமன்றத்தில் உரித்துக் கோரலாம். அவ்வழக்குகளில் ஆட்சியைக் காட்டும் சான்றுகளில் ஒன்றாக வரிப் பற்றுச்சீட்டும் முன்வைக்கப்படுவதுண்டு. உரித்தாளரும் தன் பக்கத்தைக் காட்ட அதையே முன்வைப்பார்.

போரினால் ஊரைவிட்டுப் போனவர்களின் காணியில் பிறர் 10 ஆண்டுகள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இதிலிருந்தே எழுந்தது. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, அக்கால நிலைமையால் தம் உரிமையைக் கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராகக் கணக்கிடக்கூடாது என்றது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரவேண்டும் என்றும் விதித்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. செய்தி ஊருக்குள் வந்து சேருவதற்குள் காலம் முடிந்தவர்களும் உண்டு என்பதை நாம் சொல்லாமல் இருக்க முடியாது.

8. அரச காணியும் உரித்துப் பதிவும்

இலங்கையின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டது அரச காணி. குடியேற்றத் திட்டங்களில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் உறுதி இருக்காது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமோ அளிப்புப் பத்திரமோ இருக்கும். இவற்றின் பதிவைத் தேடவேண்டியது முதலில் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில். அனுமதிப்பத்திரக் காணியைச் சாதாரண உறுதி எழுதி விற்க முடியாது. அப்படி எழுதினாலும் செல்லாது. பின்னுரித்தாளர் பெயரைப் பதிந்து வைப்பது இங்கே மிக முக்கியம்.

1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வேறு முறையைக் கொண்டுவந்தது. இதனை நடைமுறைப்படுத்தும் திட்டம் 2007 இல் பிம் சவிய என்ற பெயரில் ஆரம்பிக்கப்பட்டது. பழைய முறையில் பதிவாவது ஆவணம். புதிய முறையில் பதிவாவது உரித்து. காணியை அளந்து, உரித்தை விசாரித்து, முடிவைப் பதிவேட்டில் எழுதி, உரித்துச் சான்றிதழ் வழங்கப்படும். நாடு முழுவதும் இம்முறை இன்னும் பரவவில்லை. ஆகவே இப்போது இரு முறைகளும் அருகருகே இயங்குகின்றன.

அரச அலுவலகம் ஒன்று தகவல் தர மறுத்தால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்கவேண்டும்.

9. மாதிரி வினாக்கள்

வினா 1: காணி உறுதியின் மூன்று பிரதிகளும் எவரெவரிடம் இருக்கும்?
விடை: மூலப் பிரதி காணியைப் பெற்றவரிடம், இரண்டாம் பிரதி காணிப் பதிவகத்தில், மற்றைய பிரதி நொத்தாரிசிடம். (“பிரதேச செயலகத்தில்” என்று எழுதினால் புள்ளி இல்லை.)

வினா 2: “சோலைவரிப் பற்றுச்சீட்டு உரித்துக்குச் சான்றல்ல.” விளக்குக.
விடைக்குறிப்பு: வரி இடாப்பின் நோக்கம் அறவீடு என்பதையும், உரித்து மாறுவது நொத்தாரிசு உறுதியால் என்பதையும், பற்றுச்சீட்டு ஆட்சியைக் காட்டும் துணைச் சான்றாக மட்டும் பயன்படலாம் என்பதையும் எழுதவேண்டும். மூன்றாவது விடயத்தை விட்டுவிட்டால் விடை அரைகுறையாகும்.

வினா 3: ஆண்டுப் பெறுமதி ரூபா 45,000; வரி வீதம் 6%. முழு ஆண்டு வரியையும் ஜனவரி 20 இல் செலுத்துபவர் எவ்வளவு செலுத்துவார்?
விடை: வரி ரூபா 2,700, கழிவு ரூபா 270, செலுத்துவது ரூபா 2,430.

வினா 4: திருகோணமலையிலுள்ள தன் காணியின் உறுதியை ஒரு தாய் இடம்பெயர்வில் இழந்துவிட்டார். உறுதி மட்டக்களப்பில் கடமையாற்றிய நொத்தாரிசினால் எழுதப்பட்டது. அவர் இப்போது உயிருடன் இல்லை. தாயின் கையில் இருப்பது பழைய சோலைவரிப் பற்றுச்சீட்டு ஒன்று மட்டுமே. அவர் எந்த அலுவலகத்துக்கு, எதற்காகச் செல்லவேண்டும்?
விடைக்குறிப்பு: பற்றுச்சீட்டிலுள்ள மதிப்பீட்டு இலக்கத்தைக் கொண்டு உள்ளூராட்சி மன்றத்தில் பெயர் மாற்றக் கோவையைப் பார்க்கலாம்; பெயர் மாற்றும்போது கொடுத்த உறுதியின் விபரம் அதில் இருக்கக்கூடும். காணியின் ஃபோலியோவைத் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தேடலாம். உறுதி பதிவு செய்யப்பட்டிருந்தால் உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் அங்கே கிடைக்கும். அந்த விபரங்களுடன் மட்டக்களப்புக் காணிப் பதிவகத்தில் இரண்டாம் பிரதியின் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசு ஒப்படைக்கவேண்டியிருந்த பிரதியையும் அங்கேயே விசாரிக்கலாம்.

வினா 5 (வீட்டு வேலை): உங்கள் வீட்டு உறுதியை அல்லது அனுமதிப்பத்திரத்தைப் பெற்றோரின் அனுமதியுடன் வாசித்து, அதன் இலக்கம், திகதி, பதிவு முத்திரையிலுள்ள தொகுதி, பக்கம் ஆகியவற்றை வேறொரு கொப்பியில் எழுதி, அந்தக் கொப்பியை உறுதி இருக்கும் பெட்டியில் அல்லாமல் வேறிடத்தில் வைக்கவும்.